பகிர்ந்த இணைப்பு என் கணக்கைக் காட்டிக் கொடுத்தது எப்படி?

கேள்வி – எழுவான்கரை ஆசிரியை

வணக்கம். நான் களுவாஞ்சிக்குடிப் பக்கத்தில் முன்பள்ளி ஒன்றில் கற்பிக்கிறேன். கணினி பற்றிய அறிவு எனக்குப் பெரிதாக இல்லை. ஆகையால் நடந்ததை முதலில் ஒழுங்காகச் சொல்லிவிட்டுக் கேள்விக்கு வருகிறேன்.

குறுங்காணொளி பார்க்கும் செயலி ஒன்றில் எனக்கு ஒரு கணக்கு உண்டு. செயலியின் பெயரை இங்கு எழுத விரும்பவில்லை. அந்தக் கணக்கில் என் சொந்தப் பெயரும் இல்லை, முகமும் இல்லை. வீட்டு முற்றத்து நித்தியகல்யாணிப் பூவின் படத்தைத்தான் வைத்திருக்கிறேன். கலியாணமாகி ஆறு வருடங்களாகியும் குழந்தை இல்லை. அது தொடர்பான வைத்திய விளக்கங்களையும், என்னைப் போன்ற பெண்கள் மனம்விட்டுப் பேசுவதையும் அந்தக் கணக்கில்தான் பார்ப்பேன். சிலவற்றை மீள்பகிர்ந்திருக்கிறேன், சிலவற்றின் கீழே ஆறுதலாக இரண்டு வரி எழுதியுமிருக்கிறேன். இது என் கணவருக்கு மட்டுமே தெரியும். மாமிக்கும் தெரியாது, என் தாய்க்கும் தெரியாது.

போன மாதம் அதே செயலியில், பிள்ளைகள் விரல் மடக்கி எண்ணப் பழகும் அழகான பாட்டு ஒன்று கண்ணில் பட்டது. பகிர்வதற்குரிய அம்புக்குறியை அழுத்தி, அது தந்த இணைப்பைப் பிரதிசெய்து, எங்கள் முன்பள்ளித் தாய்மாரின் வட்ஸ்அப் குழுவில் போட்டேன். எல்லோரும் நன்றி சொன்னார்கள். அதோடு அதை நான் மறந்தும் போனேன்.

இரண்டு கிழமைக்குப் பிறகு, குருமண்வெளித் துறையில் மண்டூருக்குப் போகும் பாதைப் படகுக்காகக் காத்து நின்றபோது, அந்தக் குழுவிலுள்ள ஒரு தாய் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ரீச்சர், மண்டூர் முருகனுக்கு ஒரு நேர்த்தி வையுங்க, எல்லாம் சரிவரும்" என்றார். அவர் அன்பாகத்தான் சொன்னார். அவர் மீது எனக்குக் கோபம் இல்லை. ஆனால் எனக்குக் கைகால் விறைத்துப் போயிற்று. எப்படித் தெரியும் என்று கேட்டேன். நான் அனுப்பிய பாட்டைத் திறந்ததும், அதைப் பகிர்ந்தவர் இன்னார் என்று ஒரு பெயரும் பூவின் படமும் திரையில் வந்ததாகவும், யாரென்று பார்க்கத் தொட்டபோது நான் மீள்பகிர்ந்தவை எல்லாம் வரிசையாக வந்ததாகவும் சொன்னார். குழுவில் நாற்பதுக்கு மேற்பட்ட தாய்மார் இருக்கிறார்கள். வேறு யார் யார் பார்த்தார்கள் என்பதை நான் எப்படிக் கேட்பது?

நான் பாட்டின் இணைப்பைத்தான் அனுப்பினேன்; என் கணக்கை அனுப்பவில்லை. வட்ஸ்அப்பில் அந்தக் கணக்கின் பெயரும் இல்லை. அப்படியிருக்க அது எந்த வழியால் போனது? இனி ஒன்றை அனுப்பும்போது இது நிகழாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்? ஏற்கெனவே அனுப்பியவற்றை இல்லாமற் செய்ய வழி உண்டா? தெரிந்தவர்கள் தயவுசெய்து விளக்குங்கள்.


பதில் – பட்டிக்குறி

ஆசிரியைக்கு வணக்கம். செயலியின் பெயரைச் சொல்லாமல் விட்டது ஒரு வகையில் நல்லது. இது ஒரு செயலிக்கு மட்டும் உரிய விடயம் அன்று. பெரிய சமூக ஊடகங்கள் பெரும்பாலும் எல்லாவற்றிலும் ஏதோ ஒரு வடிவில் இருக்கிறது.

நீங்கள் அனுப்பியது பாட்டின் முகவரி மட்டும் அன்று என்பதே உங்கள் முதற் கேள்விக்கான பதில். பகிரும் அம்புக்குறியை அழுத்திய அந்தக் கணத்தில், அந்தச் செயலி உங்களுக்கென்றே ஒரு புதிய இணைப்பை ஆக்கித் தந்திருக்கிறது. அதே பாட்டை நான் என் கணக்கிலிருந்து பகிர்ந்தால் எனக்கு வேறோர் இணைப்பு கிடைக்கும். இரண்டும் ஒரே பாட்டைத்தான் திறக்கும். ஆனால் எது யாருடைய கையிலிருந்து புறப்பட்டது என்பது அந்நிறுவனத்தின் கணினிக்குத் தெரியும். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் மாட்டுப் பட்டி வைத்திருப்பவர்களுக்கு இதை நீட்டி விளக்கத் தேவையில்லை. மேய்ச்சல் தரையில் எத்தனை பட்டி மாடுகள் கலந்து நின்றாலும், சுட்ட குறியைப் பார்த்து எந்தக் குடி, எந்த ஆளின் மாடு என்று சொல்லிவிடுவார்கள். உங்கள் இணைப்பிலும் அப்படி ஒரு குறி இருந்தது. மாட்டின் குறி எல்லோர் கண்ணுக்கும் தெரியும், இணைப்பின் குறி அனுப்புகிறவரின் கண்ணுக்குத் தெரியாது என்பதுதான் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு. எனக்கு ஏற்க முடியாததும் அதுவே.

குறி எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். ஓர் இணைப்பை நீளமாக வாசித்துக்கொண்டு போனால் பல வேளைகளில் இடையில் ஒரு கேள்விக்குறி (?) வரும். அதற்கு முன்னுள்ளது பெரும்பாலும் முகவரி. அதற்குப் பின்னுள்ளவை அந்தத் தளத்துக்குச் சொல்லப்படும் கூடுதல் செய்திகள்; ஒன்றுக்கு மேற்பட்டவை இருந்தால் அவற்றின் இடையே & என்ற அடையாளம் நிற்கும். இன்ஸ்டகிராமில் பகிரும் இணைப்புகளின் பின்னால் ஐ.ஜி.எஸ்.எச். என்ற எழுத்துகளோடு ஒரு சரம் வருவதைக் காணலாம். யூடியூப்பின் பகிர்வு இணைப்புகளில் எஸ்.ஐ. என்று வரும். எக்ஸ் தளத்தில் எஸ். (s) என்றும் டி. (t) என்றும் இரண்டு வரும். இவற்றை வைத்து, இந்த இணைப்பை ஆக்கியது யார், திறந்தது யார் என்று அந்தத் தளத்தால் பொருத்திப் பார்க்க முடியும். இவரும் அவரும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள் என்ற முடிவு அதிலிருந்து தானாகவே கிடைத்துவிடுகிறது. வட்ஸ்அப்பில் நீங்கள் எழுதுவது முனைக்கு முனை மறையாக்கம் செய்யப்பட்டுச் செல்கிறது. அந்த உரையாடலை இடையில் எவரும் வாசிக்க முடியாது. ஆனால் குழுவிலுள்ளவர்கள் இணைப்பைத் திறந்தவுடன், திறந்தவர்கள் யார் யார் என்பதை அந்த இணைப்புக்குரிய தளம் உரையாடலை வாசிக்காமலேயே அறிந்துகொள்ளலாம்.

சில தளங்கள் இந்த அறிவைத் தமக்குள் வைத்துக்கொள்கின்றன. வேறு சில, பகிர்ந்தவரின் பெயரையும் படத்தையும் பெறுகிறவருக்கே காட்டி, இவரைப் பின்தொடர்கிறீர்களா என்றும் கேட்கின்றன. இன்ஸ்டகிராமிலும் டிக்டொக்கிலும் இவ்வாறு பெயர் காட்டப்படுவதுண்டு. யூடியூப்பின் எஸ்.ஐ. உங்கள் பெயரைப் பெறுகிறவருக்குக் காட்டுவதில்லை. நீங்கள் பட்ட துன்பம் பெயரைக் காட்டும் வகையைச் சேர்ந்தது.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாத இன்னொன்று உண்டு. பேஸ்புக்கில் ஒரு செய்தித் தளத்தின் இணைப்பைத் தொட்டு வெளியே போகும்போது, எஃப்.பி.சி.எல்.ஐ.டி. என்று தொடங்கும் நீண்ட சரம் முகவரியின் பின்னால் ஒட்டிக்கொள்ளும். 2018 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. அது நீங்கள் பகிர்ந்ததால் வருவதன்று. நீங்கள் தொட்டதால் வருவது. அந்த முகவரியை அப்படியே பிரதிசெய்து நண்பருக்கு அனுப்பினால், உங்கள் தொடுகையின் அடையாளத்தையும் சேர்த்தே அனுப்புகிறீர்கள்.

இனி எப்படி அனுப்புவது என்பதற்கு வருகிறேன். கேள்விக்குறியும் அதற்குப் பின்னுள்ளதும் கண்ணுக்குத் தெரிகிற இணைப்பாயின், வட்ஸ்அப்பில் ஒட்டிய பின் அனுப்புவதற்கு முன்னர் அந்தப் பகுதியை அழித்துவிடுங்கள். அதற்கு எந்தச் செயலியும் தேவையில்லை. ஆனால் உங்கள் இணைப்பு அனேகமாக ஒரு குறுகிய இணைப்பாக இருந்திருக்கும்: தளத்தின் பெயர், ஒரு சாய்கோடு, அதன் பின் எட்டோ ஒன்பதோ எழுத்துகள். இதில் வெட்டுவதற்கு ஒன்றும் இல்லை. அந்த எழுத்துகளே பாட்டையும் குறிக்கின்றன, உங்களையும் குறிக்கின்றன. டிக்டொக்கின் குறுகிய இணைப்புகளும், பேஸ்புக் இப்போது தருகிற, 'ஷெயார்' என்ற சொல்லைக் கொண்ட இணைப்புகளும் இந்த வகையின. இவற்றை முதலில் விரித்தாக வேண்டும். உலாவியில் தனிப்பட்ட சாளரம் (இன்கொக்னிட்டோ அல்லது பிரைவேட் என்று இருக்கும்) ஒன்றைத் திறந்து, எந்தக் கணக்கிலும் நுழையாமல் இணைப்பை அங்கே ஒட்டுங்கள். பக்கம் திறந்த பிறகு மேலே முகவரிப் பட்டையில் நீண்ட முகவரி தோன்றும். அதைப் பிரதிசெய்து, கேள்விக்குறியிலிருந்து பின்னுள்ளதை வெட்டி அனுப்புங்கள். ஒட்டியதும் உலாவிக்குப் பதிலாகச் செயலியே திறந்துகொண்டால் கணினியில் செய்து பாருங்கள்.

உலாவிகள் சில இந்த வேலையைத் தாமே செய்கின்றன. பயர்பொக்ஸ் 2022 ஜூனில் வெளிவந்த 102ஆம் பதிப்பிலிருந்து, கடுமையான பாதுகாப்பைத் தெரிவுசெய்தால் அறியப்பட்ட கண்காணிப்புச் சரங்களை நீக்குகிறது. 2023 நவம்பரில் வந்த 120ஆம் பதிப்பில், கண்காணிப்பு இல்லாமல் இணைப்பைப் பிரதிசெய்யும் தெரிவும் சேர்ந்தது. பிரேவ் உலாவியிலும் அத்தகைய தெரிவு உண்டு. ஐபோனில் 2023இன் ஐ.ஓ.எஸ். 17 முதல், மெயில், மெசேஜஸ், சபாரியின் தனிப்பட்ட சாளரம் ஆகியவற்றில் சில சரங்கள் தானாக நீக்கப்படுகின்றன. ஆனால் இவற்றை முழுதாக நம்பியிருக்க வேண்டாம். 2022இலேயே பேஸ்புக், தன் பதிவுகள் பலவற்றின் முகவரியில் மிக நீண்ட எழுத்துச் சரத்தைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டது. அதை வெட்டினால் பதிவே திறக்காது. எந்தப் பகுதி பதிவைக் குறிக்கிறது, எந்தப் பகுதி வேறெதையேனும் குறிக்கிறது என்று வெளியிலிருந்து பிரித்துப் பார்க்க வழியில்லை.

ஏற்கெனவே அனுப்பியதைப் பற்றி: வட்ஸ்அப்பில் எல்லோருக்கும் அழிப்பதற்கான காலம் ஏறத்தாழ இரண்டு நாளும் பன்னிரண்டு மணித்தியாலமும்தான், அது உங்களுக்குக் கடந்துவிட்டது. ஆகவே இணைப்பை விட்டுவிட்டு, அது காட்டுகிற கணக்கைச் சரிசெய்யுங்கள். இன்றைக்கே மீள்பகிர்ந்தவற்றை ஒவ்வொன்றாக நீக்கிவிட்டு, கணக்கைத் தனிப்பட்ட கணக்காக மாற்றுங்கள்.


பதில் – மருதமுனைத் தறி

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். சகோதரிக்கு நடந்ததை வாசித்துக் கவலைப்பட்டேன். மேலே எழுதிய சகோதரர் சொன்னவற்றை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் கேள்விக்குறிக்குப் பின்னுள்ள அனைத்தும் கெட்டவை என்ற எண்ணம் வாசிப்பவர்களுக்கு வந்துவிடக் கூடாது என்பதற்காக, இணைப்புகளில் குறி வைக்கும் ஒருவனாகவே இதை எழுதுகிறேன்.

எங்கள் குடும்பத்துக்குக் கைத்தறித் தொழில். சாரமும் சாரியும் நெய்து, சிறிய இணையத் தளம் ஒன்றின் மூலமும் விற்கிறோம். பேஸ்புக்கில் ஓர் இணைப்பும், வட்ஸ்அப்பில் ஓர் இணைப்பும், வெளிநாட்டில் இருக்கும் எங்கள் ஊரவர்களின் குழுவில் ஓர் இணைப்புமாகப் போடும்போது, ஒவ்வொன்றின் பின்னாலும் யூ.டி.எம். என்று தொடங்கும் சொற்களைச் சேர்ப்போம். அந்தப் பெயர் அர்ச்சின் என்ற மென்பொருள் நிறுவனத்திலிருந்து வந்தது. 2005இல் கூகுள் அதனை வாங்கியது. அந்தச் சொற்களை நாமே எழுதுகிறோம், எவரும் வாசிக்கலாம். 'மூலம்: வட்ஸ்அப், விடயம்: பெருநாள்' என்பது போலத்தான் இருக்கும். அதனால் எங்களுக்குத் தெரிவதெல்லாம் எந்தப் பக்கத்திலிருந்து எத்தனை பேர் வந்தார்கள் என்ற எண்ணிக்கை மாத்திரமே. யார் வந்தார்கள் என்பது தெரியாது. விளம்பரத்துக்குச் செலவிடக் கையில் பணமில்லாத ஒரு நெசவாளிக்கு இந்த எண்ணிக்கை பெரிய உதவி.

அதே நேரத்தில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். தளத்தை அமைக்கும்போது, எல்லோரும் செய்வதைப் போல நாங்களும் பேஸ்புக்கின் உரிமை நிறுவனமான மெட்டாவின் பிக்சல் எனப்படும் சிறு நிரல் துண்டைச் சேர்த்திருந்தோம். அது எங்கள் தளத்துக்கு வருகிறவர் பார்க்கும் பக்கங்களை மெட்டாவுக்குத் தெரிவிக்கும். பேஸ்புக்கிலிருந்து அந்த நீண்ட சரத்தோடு ஒருவர் வந்து சேர்ந்தால், அந்தச் சரத்தையும் அது குக்கியில், அதாவது அவருடைய உலாவியில் விட்டுவைக்கும் சிறு கோப்பில், சேமித்து வைத்துக்கொள்ளும். அதாவது, எங்களிடம் சாரி பார்க்க வந்த பெண் யாரென்பது எங்களுக்குத் தெரியாது. ஆனால் மெட்டாவினால் அறிய முடியும். வருகிறவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் இதைச் செய்வது அமானிதத்தை, அதாவது நம்பி ஒப்படைக்கப்பட்டதை, பேணுவதாகாது என்று எங்களுக்குப் பட்டது. அதை நீக்கிவிட்டோம். யூ.டி.எம். சொற்களை வைத்திருக்கிறோம். வழியை எண்ணுவது வேறு, ஆளை எண்ணுவது வேறு. முன்னதை வாசலில் நின்று வருகிறவர்களைக் கணக்கெடுப்பதாகச் சொல்லலாம்; பின்னது வருகிறவரின் அடையாள அட்டையை அவர் அறியாமல் படம் எடுப்பது.


பதில் – கல்முனைச் சட்ட மாணவி

சட்டத்தில் இதற்கு இடம் உண்டா என்று யாரும் கேட்கவில்லையெனினும் சுருக்கமாகச் சொல்கிறேன்.

இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. (2024ஆம் ஆண்டின் நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் 9ஆம் இலக்கமே, இரண்டையும் பலர் ஒன்றென நினைக்கிறார்கள். அவை வேறு வேறு.) ஒருவரை நேரடியாகவோ மறைமுகமாகவோ அடையாளம் காணத்தக்க எந்தத் தகவலும் தனிப்பட்ட தரவு என்று இச்சட்டம் கொள்கிறது, பெயர், அடையாள இலக்கம், இருப்பிடத் தரவு ஆகியவற்றோடு இணையவழி அடையாளங்காட்டியையும் அது பெயர்சொல்லிக் குறிப்பிடுகிறது. ஆகவே உங்கள் கணக்கோடு பொருத்தத்தக்க ஓர் இணைப்புச் சரம் இந்த வரைவிலக்கணத்துக்குள் வரும் என்று வாதிட முடியும். நாட்டுக்கு வெளியே இருந்துகொண்டு இங்குள்ளவர்களுக்குச் சேவை வழங்குபவர்களையும், இங்குள்ளவர்களின் நடத்தையைக் கண்காணிப்பவர்களையும் தன் எல்லைக்குள் கொண்டுவர இச்சட்டம் முனைகிறது. உடல்நலம் பற்றிய தரவு விசேட வகையாகக் கருதப்பட்டு மேலதிகப் பாதுகாப்புப் பெறுகிறது.

ஆனால் சட்டம் கட்டங்கட்டமாகவே நடைமுறைக்கு வருமாறு அமைக்கப்பட்டது. அத்துடன், ஒரு தனிமனிதர் முற்றிலும் தன் சொந்த, வீட்டு நோக்கத்துக்காகச் செய்வதற்கு இச்சட்டம் ஏற்புடையதன்று. எனவே உங்கள் கணக்கைத் தொட்டுப் பார்த்த தாய் இதற்குள் வரமாட்டார். வரவும் கூடாது என்பதே என் கருத்து. அவர் பார்த்தது, அவர் கையில் கொண்டுவந்து வைக்கப்பட்டதை. அதை அங்கே கொண்டுவந்து வைத்த வடிவமைப்பையே கேள்வி கேட்க வேண்டும்.


பதில் – வாவிக்கரை

அன்புள்ள தங்கச்சிக்கு, நான் மட்டக்களப்பில் பெண்களுக்கான அமைப்பொன்றில் பல வருடங்களாக வேலை செய்கிறேன். நிறுவனங்கள் நம்மைப் பற்றி என்ன அறிகின்றன என்பதே இணையத்தில் பெரும்பாலும் பேசப்படுகிறது. அது முக்கியந்தான். ஆனால் என்னிடம் வருகிற பெண்களுக்கு ஆபத்து தொலைவிலுள்ள நிறுவனத்தால் வருவதில்லை. அடுத்த வளவிலிருந்து வருகிறது, சொந்த மச்சானிடமிருந்து வருகிறது. அமெரிக்காவில் ஒரு கணினி அறிந்துகொண்டால் ஒரு விளம்பரம் வரும். எங்கள் பக்கத்தில் ஒரு விடயம் ஒரு வாய்க்குப் போனால், குடிவழியே ஒரு கிழமைக்குள் வாழைச்சேனையிலிருந்து திருக்கோவில் வரை போய்விடும். பகிர்ந்தவரின் பெயரைப் பெறுகிறவருக்குக் காட்டலாம் என்று எங்கோ இருந்து தீர்மானித்தவர்கள், வீட்டாருக்குச் சொல்ல முடியாத ஒன்றைத் தனிக்கணக்கில் வைத்திருக்கும் பெண்ணை எண்ணிப் பார்க்கவில்லை. அது எனக்கு மிகவும் வலிக்கிறது.

மேலே சொன்ன வழிகளோடு சிலவற்றைச் சேர்க்கிறேன். டிக்டொக்கின் தனியுரிமை அமைப்புகளில், உங்கள் கணக்கை மற்றவர்களுக்குப் பரிந்துரைப்பது பற்றிய பகுதி ஒன்று உண்டு. உங்களுக்கு இணைப்பு அனுப்புபவர்கள், உங்கள் இணைப்பைத் திறப்பவர்கள், உங்கள் தொலைபேசி இலக்கத்தை வைத்திருப்பவர்கள் எனப் பல தெரிவுகள் அதில் இருக்கும். அனைத்தையும் அணைத்துவிடுங்கள். தொலைபேசி இலக்கம் பற்றிய தெரிவை மறக்கவே வேண்டாம். இணைப்பே அனுப்பாவிட்டாலும், உங்கள் இலக்கத்தைத் தன் தொலைபேசியில் வைத்திருக்கும் தாய்க்கு உங்கள் பூப்படக் கணக்கு பரிந்துரையாக வரக்கூடும். பேஸ்புக்கிலும் இன்ஸ்டகிராமிலும் தொடர்பிலக்கங்களைப் பதிவேற்றும் வசதியை நிறுத்தி வைக்கலாம்.

தனிப்பட்ட சாளரம் பற்றிப் பட்டிக்குறித் தம்பி சொன்னது சரி. ஆனால் அது எதை மறைக்கிறது, எதை மறைக்காது என்பதையும் சொல்லியிருக்கலாம். உங்கள் கணக்கு அங்கே தெரியாது. உங்கள் ஐ.பி. முகவரி, அதாவது இணையத்தில் உங்கள் இணைப்பைக் குறிக்கும் எண், அந்தத் தளத்துக்குத் தெரியவே செய்யும். இதனைப் பயன்படுத்தி, ஒரு சாதாரணச் செய்தியைப் போன்ற இணைப்பை அனுப்பி, திறந்தவரின் ஐ.பி. முகவரி, நேரம், தொலைபேசியின் வகை ஆகியவற்றைப் பதிவுசெய்து தரும் தளங்கள் இருக்கின்றன. வீட்டை விட்டு வந்து மறைவாகத் தங்கியிருக்கும் பெண்ணுக்குக் கணவன் அப்படி ஓர் இணைப்பை அனுப்பிய நிகழ்வை நான் கண்டிருக்கிறேன். அவர் பயந்து நடுங்கினார். அவருக்குச் சொன்னதை இங்கும் சொல்கிறேன்: ஐ.பி. முகவரியை மட்டும் வைத்து ஒரு சாதாரண ஆளால் பொதுவாக வீட்டைக் கண்டுபிடிக்க முடியாது. கைத்தொலைபேசி வலையமைப்புகளில் ஒரே முகவரியைப் பலர் ஒரே நேரத்தில் பகிர்ந்து பயன்படுத்துகிறார்கள். அக்கரைப்பற்றில் இருப்பவரின் முகவரி கொழும்பு என்று காட்டுவது சாதாரணம். ஆனால் இணைப்பைத் திறந்தார், இன்ன நேரத்தில் திறந்தார், தொலைபேசி அவர் கையில் இருக்கிறது என்பவை தெரிந்துவிடும். பக்கம் திறந்ததும் இருப்பிடத்தை அறிய அனுமதி கேட்டு, நாம் 'சரி' என்று தொட்டுவிட்டால் கதை வேறு. அப்போது துல்லியமான இடமே போய்விடும்.

இன்னுமொன்று. வட்ஸ்அப்பில் இணைப்பை ஒட்டியவுடன், அனுப்புவதற்கு முன்னரே ஒரு படமும் தலைப்பும் வருகின்றனவல்லவா? அதை எடுத்து வருவது அனுப்புகிறவரின் தொலைபேசிதான். சந்தேகத்துக்குரிய இணைப்பு ஒன்று வந்து, "இது என்னவென்று பாருங்கள்" என்று நீங்கள் அதைப் பிரதிசெய்து இன்னொருவருக்கு ஒட்டினால், ஒட்டும்போதே உங்கள் தொலைபேசி அந்தத் தளத்தைத் தொட்டுவிடும். வட்ஸ்அப்பின் தனியுரிமை அமைப்புகளில், மேம்பட்டவை என்ற பகுதிக்குள் இந்த முன்னோட்டத்தை நிறுத்தும் வசதி உண்டு. ஐயமான இணைப்பைக் காட்டித்தான் ஆக வேண்டுமென்றால் திரையைப் படம்பிடித்து அனுப்புங்கள்.

அந்தக் கணக்கை மூடிவிட வேண்டாம், தங்கச்சி. அங்கே உங்களுக்கு ஆறுதல் கிடைக்கிறது. பள்ளிக்கூட வேலைக்கென்று வேறொரு கணக்கைத் திறந்து, பிள்ளைகளுக்கான பாட்டுகளை அதில் மட்டும் தேடிப் பகிருங்கள்.


எழுவான்கரை ஆசிரியை (கேட்டவர்)

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. மீள்பகிர்ந்தவற்றை நேற்று இரவு கணவரும் நானும் இருந்து ஒவ்வொன்றாக நீக்கினோம், கணக்கைத் தனிப்பட்டதாக்கினோம். வாவிக்கரை அக்கா சொன்ன இடத்தில் எல்லாத் தெரிவுகளும் திறந்தே இருந்தன. நான் அவற்றைத் திறந்ததாக நினைவே இல்லை. இப்போது அணைத்துவிட்டேன். முன்பள்ளிக்கென்று புதிய கணக்கும் திறந்தாயிற்று.

பாதைத் துறையில் பேசிய அந்தத் தாயிடமும் பேசினேன். தான் வேறு எவருக்கும் சொல்லவில்லை என்றார். நம்புகிறேன்.

ஒரு சிறு சிக்கல் இருக்கிறது. பட்டிக்குறி அவர்கள் சொன்னபடி இன்று காலை யூடியூப்பிலிருந்து இரண்டு பாட்டுகளை அனுப்பிப் பார்த்தேன். கைத்தொலைபேசியில் பகிர்ந்து எடுத்த இணைப்பில் கேள்விக்குறிக்குப் பின்னுள்ளதை அழித்தேன். பாட்டு ஒழுங்காகத் திறந்தது. பள்ளிக் கணினியில் முகவரிப் பட்டையிலிருந்து எடுத்த இணைப்பிலும் அதே போல அழித்தேன்; ஆனால் அதைத் தொட்டால் பாட்டு வரவில்லை, யூடியூப்பின் முகப்புக்கே போகிறது. எங்கே பிழை விட்டேன்?


பதில் – பட்டிக்குறி

பிழை உங்களுடையதன்று, நான் அவசரத்தில் சொல்லாமல் விட்டது. யூடியூப்பின் இணைப்பு இரண்டு வடிவங்களில் வரும். தொலைபேசியில் பகிரும்போது கிடைக்கும் குறுகிய வடிவத்தில், பாட்டுக்குரிய பதினொரு எழுத்துகள் கேள்விக்குறிக்கு முன்னாலேயே இருக்கும். பின்னுள்ளதைத் தயங்காமல் வெட்டலாம். கணினியின் முகவரிப் பட்டையில் தோன்றும் நீண்ட வடிவத்திலோ, கேள்விக்குறிக்குப் பின்னால் வி. என்ற எழுத்தும் சமக்குறியும் வந்து, அதன் பிறகுதான் அந்தப் பதினொரு எழுத்துகள் வரும். அவையே பாட்டின் உண்மையான முகவரி. அவற்றை வைத்துக்கொண்டு, அவற்றுக்கு அடுத்து வருகிற முதலாவது & அடையாளத்திலிருந்து பின்னுள்ளதை மட்டும் அழியுங்கள். டி. (t) என்ற எழுத்தும் சமக்குறியும் ஓர் எண்ணும் இருந்தால், அது பாட்டு எந்த விநாடியிலிருந்து தொடங்க வேண்டும் என்பதைச் சொல்வது; உங்களைப் பற்றியதன்று. பிள்ளைகளுக்கு நடுவிலிருந்து காட்ட வேண்டுமென்றால் அதை விட்டுவைக்கலாம். (எக்ஸ் தளத்திலும் டி. என்றுதான் வரும் என்று மேலே சொன்னேன். அது வேறு, அதை வெட்டத்தான் வேண்டும்.)

வெட்டிய பிறகு, குழுவில் போடுவதற்கு முன்னர், எந்தக் கணக்கும் திறந்திராத தனிப்பட்ட சாளரத்தில் ஒருமுறை ஒட்டிப் பாருங்கள். பாட்டு திறந்து, பகிர்ந்தவரின் பெயர் எங்கும் தோன்றாவிட்டால் அனுப்பலாம்.